பால் என்றொரு கட்டளை

பின்னிரவு இரண்டு நாற்பத்தேழுக்கு
விஷ்கோவ் பால் கிடங்கில் சர்வர் விழுந்தது.
ஏறக்குறையப் பத்தொன்பது நாளுக்கு ஒருமுறை விழும்.

விழுகிற கெர்னலால் தன் கதையை எழுத முடியாது.
அதற்கென்றே நினைவகத்தின் ஓரத்தில்
ஒதுக்கிய இடத்தில் ஒரு குட்டி கெர்னல்
வருடக்கணக்கில் சும்மா கிடக்கும்.
பெரியது சாயும்போதுதான் அதற்குப் பொழுது விடியும்.
எழுந்து, மிச்சமிருக்கும் நினைவையெல்லாம் வாரி
வட்டில் கொட்டிவிட்டு
அதுவும் போய்விடும்.

அந்த வட்டைக் கழுத்துக் கம்பளியில் சுற்றி
முதல் ரயிலில் பிர்னோவுக்கு வந்தான் போர்ஷிவோய்.
பூட்ஸில் பனி.
"எழுபதாயிரம் லிட்டர்" என்றான்,
காலை வணக்கத்துக்குப் பதிலாக.

எங்கள் கருவி அப்போது சின்னது.
ஸ்தீஸ்லவா தொடங்கியபோது
எந்தச் செயலியில் என்ன ஓடியது,
யார் யாரை அழைத்தார்கள்,
இவ்வளவுதான் சொல்லும்.
பிறகு விழுந்த ஒவ்வொன்றும்
ஒரு கட்டளையை விட்டுச் சென்றது.
இரண்டு பூட்டுகள் ஒன்றுக்கொன்று காத்துநின்றது
டிராம் பணிமனையில்;
அதைக் கண்டுபிடிக்கும் கட்டளைக்கு 'டிராம்'.
பெயர் வைப்பதில் எங்களுக்குச் சோம்பல்.

வட்டைச் செருகி
பட்டியலைக் காட்டச் சொன்னேன்.
முந்நூறு உறுப்பு இருக்கவேண்டிய பட்டியல்
ஐயாயிரம், நாற்பதாயிரம், நாலு லட்சம் என்று
திரையில் ஓடிக்கொண்டே இருந்தது.
செக்குமாடு.
எங்கோ ஒரு கண்ணி முதுகுப்பக்கம் திரும்பியிருக்கிறது.

மிதித்த தடத்தைக் குறித்துக்கொண்டு நடக்கும்படி
புதிய கட்டளை எழுதினோம், மதியம் வரை.
ஓடவிட்டோம்.
இந்தமுறை கருவியே விழுந்தது.
கோப்பில் கிடந்த ஒரு முகவரியை நம்பி
ஆழம் தெரியாமல் காலை விட்டிருக்கிறது.

ஸ்தீஸ்லவா சிரிசிரியென்று சிரித்தாள்.
விழுந்தது ஒன்று,
விழுந்ததைப் பார்க்கப் போய் விழுந்தது ஒன்று.
இரண்டாவதை முதலில் பார்த்தோம்.

அன்று சுவரில் ஒட்டிய தாள் இன்னும் இருக்கிறது:
செத்தது சொல்வதைக் கேள், நம்பாதே.
எல்லை பார்.
பிறகு கால் வை.

ஆறு மணிக்கு வெளியே இருட்டு.
போர்ஷிவோய் நாற்காலியில் வாய் திறந்து தூங்கினான்.
திரையில்
6b 6b 6b 6b
6b 6b 6b 6b
காலிசெய்த இடத்தில் கெர்னல் இறைக்கும் எண்,
இங்கே எவரும் குடியில்லை என்று
கதவில் சாக்பீஸால் எழுதுவதுபோல.
போனமுறை விழுந்தபின்
நாங்கள்தான் அப்படி இறைக்கச் சொல்லியிருந்தோம்.

அந்தக் காலி வீட்டுக்கு
இன்னும் தட்டிக்கொண்டிருந்தது ஒரு டைமர்.
குளிரறையின் பனிக்கட்டியை உருக்கும் வேளையில்
வெப்ப உணரியைத் துண்டிப்பார்கள்.
துண்டித்த அதே நொடியில் டைமர் அடிக்கவேண்டும்.
பதினெட்டு இரவு அடிக்காது.

கருவியில் சேர்த்தது அறுநூற்றுப் பன்னிரண்டு வரி.
டிரைவரில் திருத்தியது
இரண்டு வரி இடம் மாறியது மட்டும்:
முதலில் டைமரை நிறுத்து,
பிறகு இடத்தை விடு.
எழுப்பிக் காட்டினோம்.
"இதுக்கா?" என்றான்.

அடுத்த வாரம் தபாலில் ஒரு பெட்டி வந்தது.
ஒலொமோட்ஸ் பாலாடைக்கட்டி.
நாற்றம் தாங்காமல்
ஜன்னலுக்கு வெளியே பனியில் வைத்தோம்;
அங்கிருந்தும் வந்தது.
எல்லாவற்றையும் தின்றோம்.

பத்தொன்பதாம் நாள் தூங்காமல் இருந்தேன்.
இருபதாம் நாளும்.
தொலைபேசி அடிக்கவில்லை.
விழாததற்குக் கோப்பு கிடையாது;
திறந்து பார்த்து
ஆமாம், இதனால்தான் என்று சொல்ல.

இப்போது எங்கெங்கோ
அந்தக் கருவியைப் பயன்படுத்துகிறார்கள்.
கவாசாகியிலிருந்து தொகுனாகா என்பவர்
மிகப் பணிவாக எழுதியிருந்தார்:
பட்டியலில் நடக்கும் கட்டளைக்கு
'பால்' என்று ஏன் பெயர்?

விஷ்கோவ், கம்பளி, பூட்ஸ் பனி எல்லாம்
ஒரு பக்கத்துக்கு எழுதி அழித்தேன்.
மூன்றாவது முறை
ஒரே வரி அனுப்பினேன்:

சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால்.